வேர்க்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்

சென்ற ஞாயிறு மாலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் பக்தர்கள் ஏறும் பர்வதமலையிலிருந்து இன்னும் ஓர் இளைஞரை வேலூரில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். இந்தக் கோடையில் இவர் முதல் ஆள் அல்ல, அதனால்தான் எழுதுகிறேன். சட்டை பிழிந்தால் சொட்டும், அப்படி நனைந்திருந்தது. பெயரைக் கேட்டால், பஸ் டிக்கெட் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. உடன் வந்தவர் சொன்னார்: "நன்றாக வேர்த்ததே டாக்டர், வெறும் மயக்கம் என்று நினைத்தோம். பாராசிட்டமால் கொடுத்தோம்."

வேர்த்தால் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு, இல்லை என்று யார் சொல்லிக்கொடுத்தது? தோல் வறண்டு கொதிப்பது பெரும்பாலும் காற்றில்லாத வீட்டில் நாள்கணக்கில் வெந்துபோகும் முதியவர்களுக்கு. மலையேறும் இளைஞருக்குத் தொடைத் தசையே அடுப்பு. வேர்வை ஆறாக ஓடும்போதே உள்வெப்பம் ஏறும். ஈரத் தோலைத் தொட்டால் குளிர்ச்சியாகக்கூட இருக்கும். நெற்றியில் காட்டும் வெப்பமானியும் குறைத்தே காட்டும். ஆசனவாயில் வைத்துப் பாருங்கள் என்று எங்கள் பயிற்சி மருத்துவர்களிடமே ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் வேர்வையைப் பார்க்காதீர்கள், பேச்சைக் கவனியுங்கள். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், வலிப்பு: வெயிலில் ஏறியவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெப்பத் தாக்கு என்றே நடந்துகொள்ளுங்கள். பாராசிட்டமால் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரை இந்த வெப்பத்தை இறக்காது. ஏற்கெனவே அடிபடும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

பர்வதமலை சுமார் 4,500 அடி. வேலூரில் டிபனை முடித்துக்கொண்டு போளூர் வழியாகப் போய்ப் பத்து மணிக்கு ஏறத் தொடங்குகிறார்கள். பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அடித்து அமைத்த கடப்பாரைப் படிகளை அடையும்போது உச்சி வெயில். பாறையிலும் இரும்பிலும் கை வைக்க முடியாது. கொண்டுபோன தண்ணீர் மேலேயே தீர்ந்துவிடும். இறங்கும்போது விழுகிறார்கள்.

விடிந்ததும் ஏறுங்கள். பத்து மணிக்குள் உச்சி தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள், உச்சிக் கோயிலில் இருக்கும் மல்லிகார்ஜுனர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் பாதி இறங்குவதற்கு. ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். முந்தின நாள் காய்ச்சலோ பேதியோ இருந்தவர் அடிவாரத்தோடு நிற்கட்டும். கால்வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறங்கிய பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஒருவர் உளறத் தொடங்கினால், தயவுசெய்து, முதலில் அங்கேயே குளிர்வியுங்கள். நிழலில் கிடத்திச் சட்டையைக் கழற்றி, இருக்கும் தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றித் துண்டால் விசிறுங்கள். நினைவு தவறியவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முதல் அரை மணி நேரத்தில் வெப்பம் இறங்கினால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. ஒருவர் குளிர்விக்கும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். கடலாடிப் பக்கம் இறங்குகிறீர்களா, தென்மகாதேவமங்கலம் பக்கமா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்; ஆம்புலன்ஸ் மலையின் மறுபக்கம் போய்க் காத்திருக்கக் கூடாது.