"கூகுள்ல இருக்கும்ல?" என்று கேட்பவர்களுக்கு

பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவர் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தால் போதும், சொந்தபந்தங்களின் போன் எல்லாம் ஒரு முறையாவது அவர் கைக்கு வந்துவிடும். சார்ஜ் ஏறவில்லை, எழுத்து சின்னதாகிவிட்டது என்று வந்தால் சந்தோஷமாகவே பார்த்துக் கொடுப்பேன். அழித்த படங்களை மீட்டுக் கொடு என்று வரும்போதுதான் என்ன சொல்வதென்று தெரிவதில்லை.

சமீபத்தில் வந்தது ஒரு அத்தையின் போன். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். எல்லாம் கூகுளுக்குப் போய்விட்டது என்ற தைரியத்தில், கூகுள் போட்டோஸைத் திறந்து பழைய படங்களை மொத்தமாக அழித்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ட்ராஷையும் காலி செய்துவிட்டார். மறைந்த மாமாவின் கடைசி வருடப் படங்கள் அதில் இருந்தன. "நெட்லதானே இருக்கும், எடுத்துக் குடுப்பா" என்றார். நெட்டில் இல்லை அத்தை. நெட்டிலிருந்து அழித்ததே நீங்கள்தான்.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. கூகுள் போட்டோஸ் செயலியில் நீங்கள் பார்ப்பது 'போனில் இருக்கும் படம்', 'கூகுளில் இருக்கும் படம்' என்று இரண்டு தனித்தனி சாமான் இல்லை. கணவனிடம் ஒரு ஏடிஎம் கார்டு, மனைவியிடம் ஒரு கார்டு, வங்கிக் கணக்கு ஒன்று. ஒரு கார்டில் பணத்தை எடுத்துவிட்டு, இன்னொரு கார்டில் இருக்கும் என்று யாராவது நம்புவார்களா? போட்டோஸில் அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும், அதே கணக்கில் இருக்கும் டேப்லெட்டிலும் போகும். இதற்குப் பெயர் சிங்க். நீங்கள் செய்யும் நல்லதையும் கெட்டதையும் எல்லா இடத்திலும் அப்படியே செய்து முடிப்பதுதான் அதன் வேலை. அந்தச் செயலியே அதை 'பேக்கப்' (தனியாக எடுத்து வைக்கும் பாதுகாப்பு நகல்) என்று அழைப்பது இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். எங்கள் தொழில்காரர்கள் வைத்த பெயர், திட்டை நானும் வாங்கிக்கொள்கிறேன்.

"போன தடவை அழிச்சப்போ கூகுள்ல இருந்துச்சே?" என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். பல போன்களில் கம்பெனி கொடுத்த கேலரி செயலியில் அழித்தால் போனில் உள்ள பிரதி மட்டும் போகும். கூகுள் போட்டோஸில் அழித்தால் இரண்டும் போகும். இரண்டு செயலியும் ஒரே படத்தைக் காட்டுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஐகிளவுட் போட்டோஸும் இதே கதைதான்.

சரி, இடம் வேண்டும் என்றால்? போட்டோஸிலேயே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஏற்கனவே கூகுளுக்குப் போய்ச் சேர்ந்த படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுத்துவிடும். ஆனால் அதை அழுத்திய நொடியிலிருந்து உங்கள் படத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்தில் போட்டிருந்தால் அதுவும் சுருக்கிய பிரதி.

தவறி அழித்துவிட்டால் கை நடுங்காமல் ட்ராஷைப் பாருங்கள் (சில போன்களில் 'பின்' என்று இருக்கும்). கூகுளுக்குப் போயிருந்த படம் அங்கே 60 நாள் இருக்கும். போகாத படத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஐபோனில் 30 நாள்.

அதற்குப் பிறகு ப்ளே ஸ்டோரில் 'ரெக்கவரி' என்று தேடாதீர்கள். தயவுசெய்து. இப்போதைய போன்களின் உள் மெமரி குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டது. அழித்த கோப்பை வெளியிலிருந்து ஒரு செயலி தோண்டி எடுப்பது நடைமுறையில் நடக்காது. அந்தச் செயலிகள் பெரும்பாலும் காட்டுவது எங்கோ மிச்சமிருக்கும் மங்கலான சின்னப் படங்களைத்தான். அதற்குப் பணமும் கேட்கும், போனில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதியும் கேட்கும். ஒரே விதிவிலக்கு கேமராவின் மெமரி கார்டு. அதில் அழிந்திருந்தால் உடனே கார்டைக் கழற்றிவிட்டு, கணினியில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். புதிதாக ஒரு படம் எடுத்தாலும் பழையதன் மேல் எழுதிவிடக்கூடும்.

படம் தொலையும் இன்னொரு வகை, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவது. கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1க்கு முன்பு சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ஏற்றியவை வரும். அந்தப் பழைய நினைப்பிலேயே பலர் இருக்கிறார்கள். இப்போது ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15 ஜிபியைத்தான் தின்கிறது. நிரம்பியதும் புதுப் படங்கள் போவது நின்றுவிடும். அறிவிப்பு வரும், நீங்கள் தள்ளிவிடுவீர்கள். இன்றே செயலியில் உங்கள் முகப்படத்தைத் தொட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தானாகப் போவதில்லை, அந்த ஃபோல்டரை நீங்கள்தான் அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"இவ்வளவு சொல்றீங்களே, உங்க கம்பெனிகள்ல எல்லாம் சரியா இருக்கா?" இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து முக்கியத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். வைத்திருந்த பேக்கப் ஏற்பாடுகள் பல. தேவைப்பட்டபோது பார்த்தால் ஒன்றும் ஒழுங்காக ஓடியிருக்கவில்லை. கடைசியில் ஆறு மணி நேரம் பழைய ஒரு நகல் தற்செயலாகக் கிடைத்ததால் தப்பினார்கள். இதை மறைக்காமல் அவர்களே விவரமாக எழுதினார்கள். எங்கள் துறையில் இன்றும் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும் கதை அது. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு என்ன செய்யலாம்? ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் வேண்டாம், அது படம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை படங்களை அதில் நகலெடுங்கள். 'கட்' இல்லை, 'காப்பி'. கூகுளில் மட்டும் இருப்பவற்றை, கூகுளே தரும் 'டேக்அவுட்' என்ற இறக்கும் வசதி வழியாக மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். நகலெடுத்த பின் பத்துப் படத்தையாவது திறந்து பாருங்கள். முடிந்தால் இன்னொரு டிஸ்க்கை அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் கணினியும் டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின.

கடைசியாக, போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது. "ரீசெட் பண்ணணும், பேக்கப் இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டால் பழக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். வீட்டில் இன்னொருவர் போனிலோ கணினியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, போன வாரம் எடுத்த படம் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையா? போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், ரீசெட்டுக்கு முன்னால்.