மரம் தரம் பிரிப்பதில்லை

"மழை கடலிலிருந்துதானே வருகிறது, காட்டை வெட்டினால் அது ஏன் குறைய வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அமேசானில் இதற்கு அழகான பதில் இருக்கிறது.

அங்கே காடு அழியும் விதம் தெரிந்ததுதான். முதலில் சாலை வரும். பிரேசிலின் ரொண்டோனியாவில் நெடுஞ்சாலையும் அதன் கிளைச்சாலைகளும் செயற்கைக்கோள் படத்தில் மீன்முள் மாதிரி தெரியும். பிறகு ரம்பம், தீ, மாட்டு மேய்ச்சல், சில இடங்களில் சோயா.

சரி, மழைக்கு வருவோம். ஆக்சிஜனில் பெரும்பாலும் நிறை எண் 16 கொண்ட அணுக்கள். மிகக் கொஞ்சம் 18. இந்த 18 சேர்ந்த நீர் கனமானது, மழையாகும்போது முந்திக்கொண்டு விழும். ஆகவே அட்லாண்டிக் ஈரக்காற்று மேற்கே போகப் போக மழைநீரில் 18 குறைந்துகொண்டே போக வேண்டும். 1970களில் பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாட்டியின் குழு இதை அளந்து பார்த்தது. குறைந்தது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை! விழுந்த கனநீரை யாரோ திரும்ப மேலே ஏற்றுகிறார்கள்.

மரங்கள்தான். குளத்து நீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகளே அதிகம் கிளம்பும். இலையிலும் முதலில் அப்படித்தான், கனநீர் உள்ளே தங்கும். ஆனால் இலைக்குள் இடம் எவ்வளவு? தங்கியது சேரச் சேர அதுவும் வெளியேறத் தொடங்கி, கடைசியில் வேர் உறிஞ்சிய விகிதத்திலேயே நீராவி வெளியே போகும். கீழே விழுந்த மழை, 16-ம் 18-மாக, அப்படியே மறுபடி மேகமாகிறது. அமேசான் மழையில் ஏறக்குறைய பாதி இப்படித் திரும்பி வருவது என்று 1979-இல் சலாட்டி குழு எழுதியது. பின்னால் வந்த சில மதிப்பீடுகள் இதைவிடக் குறைவு. ஆனாலும் காடு தன் மழையில் ஒரு பங்கைத் தானே தயாரிக்கிறது என்பதில் மாற்றமில்லை.

மழைநீரைப் பாட்டிலில் பிடித்து எடைபோடுகிற வேலைக்கு எந்த நிதிக்குழுவும் உற்சாகமாகப் பணம் தராது. தர வேண்டும் என்பது என் கட்சி. அளந்து சொல்பவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையும் தெரிந்ததே: காடழிப்பைச் செயற்கைக்கோளால் கணக்கெடுக்கும் பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ, அந்தக் கணக்குக்காக அதிபரோடு மோதி, 2019-இல் பதவி இழந்தார்.

மேய்ச்சல் புல்லின் வேர் மரத்தின் வேர் அளவுக்கு ஆழம் போகாது, மழையில்லாக் காலத்தில் காய்ந்துவிடும். ஆழவேர் மரங்களோ வறண்ட மாதங்களிலும் நீரை இறைத்து அடுத்த மழைக்காலத்தைத் தொடங்கிவைக்கின்றன. மரம் போன தெற்கு அமேசானில் மழை தாமதமாகவே தொடங்குகிறது. அங்குள்ள பிரேசில் மாநிலமான மாத்தோ குரோசோவின் விவசாயிகள் சோயா அறுத்த கையோடு அதே நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்கள். மழை பிந்தினால் சோயா பிந்தும், இரண்டாம் போகம் வறட்சியில் மாட்டிக்கொள்ளும்.