மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிடுமா?

சென்ற வாரம், மஸ்ஜிட் இந்தியாப் பக்கம் நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கோலாலம்பூரில் நான் பயிற்சியளிக்கும் சுடுதளத்துக்குத் தம்முடைய பழைய வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து, "காலிதான் மாஸ்டர், மேகசினைக் கழற்றிவிட்டேன்" என்று சொல்லி மேசைமேல் வைத்தார். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி. துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தேன். 7.65 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, உருண்டுபோய், அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் முட்டி நின்றது. இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை.

மேகசினில் இருப்பவை இனி ஏறவேண்டிய தோட்டாக்கள். ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா, மேகசினைக் கழற்றினாலும் அங்கேயேதான் இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் விசையே இயங்காத துப்பாக்கிகளும் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த பிபிகேயில் அந்தத் தடை கிடையாது. பாதுகாப்பு நெம்புகோலான சேஃப்டியை இறக்கினால், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் பாதுகாப்பாக இறங்குமே தவிர, தோட்டா வெளியே வராது. சுத்தியலுக்கு மேலே துருத்தும் சிறு ஊசி, உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் எண்பது வயதான ஊசியை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். குழலின் பின்வாயைக் கண்ணால் பாருங்கள், அங்கே சுண்டுவிரலை விட்டும் பாருங்கள்.

"ஜெர்மன் சாமான், மக்கர் பண்ணாது" என்பது அடுத்த நம்பிக்கை. சிக்கல் பெரும்பாலும் இரும்பில் இல்லை. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகளான மேகசின் உதடுகள் வளைந்திருப்பதிலும் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதிலும்தான் இருக்கிறது, பெரியவரின் இரண்டு மேகசின்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. உருண்டை முனைத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கியில் குழிமுனைத் தோட்டாவைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவதில் நியாயமில்லை. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே 30 வினாடி பிடித்திருங்கள். உடனே திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"அப்பா தவறிய பிறகு அலமாரியில் கிடந்தது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று காரில் எடுத்துக்கொண்டு என்னிடம் வரவும் வேண்டாம். அப்பாவின் உரிமம் உங்களுடையதாகாது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மலேசியாவின் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனைகள்) சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுப் போலீசை அழையுங்கள்.