அடிக்கட்டையில் தங்கும் ஈரம்

பென்சில்வேனியாவில் பழைய பண்ணை வீடுகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. போன வசந்தத்தில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 1800களின் தொடக்கத்தில் குடியேறிகள் மரக்கட்டைகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுவராக்கிக் கட்டிய வீடு. சுவர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவரின் ஆக அடியில் கிடக்கும் கட்டையில், அதாவது அடிக்கட்டையில், திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் போய்விட்டது. உருவியபோது வடிகட்டிய காப்பித்தூள் மாதிரி ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் மரம்.

அந்தக் காலத்தில் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் கல்லும் மரச்செதிலும் செருகி, மேலே களிமண்ணோ சுண்ணாம்புச் சாந்தோ பூசினார்கள். இங்கே யாரோ அதைச் சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான். ஆனால் மரம் மழைக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுண்ணாம்பு அதற்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கிய தண்ணீர் காயவே காயாது. நம் ஊரில் சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு சிமெண்ட் பூசினால் சுவர் பொரிந்து உதிர்கிறதே, கிட்டத்தட்ட அதே கதை.

இன்னொன்றும் பரவலாக நடக்கிறது. கட்டைச் சுவரை மூடி வெளியே அடித்திருக்கும் பலகையைக் கழற்றிவிட்டு, கட்டைகள் தெரிகிற மாதிரி வைப்பது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பல வீடுகளில், வீட்டைக் கட்டிய கொஞ்ச காலத்திலேயே அந்தப் பலகையை அடித்துவிட்டார்கள். மழையைத் தாங்கியது அதுதான். பலகை எவ்வளவு பழையது என்று சந்தேகமாக இருந்தால் ஆணியைப் பாருங்கள். இன்றைய உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 1890 வாக்கில். பட்டையான வெட்டு ஆணி அடித்திருந்தால் பலகை பெரும்பாலும் அதற்கும் முந்தியது. அதுவும் வரலாறுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்துதான். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தள்ளிப் போகட்டும். அடிக்கட்டையைத் தொடுகிற மண்ணை வெட்டி இறக்குங்கள். மரத்தின் ஈரம், அதை அளக்கும் ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் அழுகல் நின்றுவிடும். அப்புறம்தான் மரவேலை. சுவரை ஜாக்கி வைத்துத் தாங்கி, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் ஒட்டு வைக்கிறோம். அந்த வீட்டில் வெள்ளை ஓக். முழுக் கட்டையையும் மாற்றுவது சுலபம் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். கோடரி பட்ட தடத்தைத் திரும்ப வாங்க முடியாது.

கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, அளந்து வையுங்கள். அமெரிக்க அரசு 1933 முதல் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வருகிறது. அந்த வரைபடங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வீடு இருக்கும் அமெரிக்க மாவட்டத்தின் (கவுண்டி) பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.