ஏர் எடுத்தால் மட்டும் போதுமா?

“அண்ணா, பிரேக்கு மெத்து மெத்துனு போகுது, கொஞ்சம் ஏர் எடுத்துக் குடு, சாயந்திரம் திருவண்ணாமலை போகணும்.” வேலூர் சத்துவாச்சாரியில் ஷெட் போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோயையும் அவர்களே சொல்வார்கள், மருந்தையும் அவர்களே சொல்வார்கள், நாம் ஸ்பேனர் பிடித்தால் போதும்.

பிரேக் லைன் ஒரு மூடிய குழாய். மிதியை அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரைக்கும் உள்ளே பிரேக் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆயில் அமுக்கினால் சுருங்காது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. காற்று சுருங்கும், அது புகுந்தால் மிதி பஞ்சாகிவிடும். அதை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. சரி, அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? சமீபத்தில் யாராவது லைனைக் கழற்றினார்களா, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவில் ஆயில் வற்றியதா, எங்காவது கசிகிறதா? மூன்றும் இல்லையென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதனால் நான் முதலில் வண்டிக்கு அடியில் போவதில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பேன். முதல் மிதியில் ஆழமாகப் போய், விட்டு விட்டு ரெண்டு மூணு தடவை மிதித்ததும் மேலே ஏறி கல் மாதிரி நின்றால், அனேகமாகப் பின் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்தது. ஏறுகிறது, ஆனாலும் பஞ்சு மாதிரியே இருக்கிறது என்றால்தான் காற்றைச் சந்தேகிக்கலாம், இல்லாவிட்டால் பழைய ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் மிதிக்க, வெளியே நான் ஹோஸை விரலால் சுற்றிப் பிடித்துக்கொள்வேன், கெட்டுப்போன ஹோஸ் கைக்குள்ளேயே புடைக்கும்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பயம். சிக்னலில் காலை லேசாக வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், மிதி மெல்ல மெல்லத் தானாகவே கீழே இறங்கிப் போகிறது. டப்பாவில் ஆயில் குறைந்தால் எங்கோ கசிவு, சக்கரங்களின் உள்பக்கமும், டிரைவர் கால் வைக்கும் தரை விரிப்பும் ஈரமாக இருக்கிறதா பாருங்கள். ஆயில் குறையவே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் முன்னுக்கும் பின்னுக்கும் நழுவுகிறது. இதற்கு நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. (இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது மிதி கொஞ்சம் இறங்கினால் பயப்படாதீர்கள், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.)

நம் ஊருக்கென்றே ஒரு கேஸ் உண்டு. போன கத்திரியில் ஒரு தம்பி குடும்பத்தோடு ஏலகிரி போய்விட்டு, இறங்கும்போது நியூட்ரலில் விட்டிருக்கிறார், பெட்ரோல் மிச்சமாம். 14 கொண்டை ஊசி வளைவு, முழுக்கப் பிரேக்கிலேயே. பாதி மலைக்கு மேல் இறங்கியதும் மிதி தரை வரைக்கும் போயிருக்கிறது. நல்ல வேளை, ஓரமாக நிறுத்திவிட்டார். அரைமணி நேரம் ஆறவிட்டதும் பிரேக் திரும்ப வந்துவிட்டது. “இப்போ நல்லாத்தான் இருக்கு, அப்போ இன்னாண்ணா ஆச்சு?” என்று மறுநாள் வந்து நின்றார்.

டப்பாவைத் திறந்தேன், உள்ளே கடுங்காப்பி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. மலை இறக்கத்தில் சூடேறிய காலிபருக்குள் (சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அந்தத் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி காற்றைப் போலவே சுருங்கும். ஆறினால் ஆவி மறுபடி தண்ணீர், மிதியும் பழையபடி. ஒன்றும் தெரியாதது போல் ஷெட்டுக்கு வரும்! ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

இன்னொரு வண்டி எனக்கே பாடம். வேறு இடத்தில் முன் சக்கர வேலை முடித்து, மூன்று முறை ஏர் எடுத்தும் மிதி பஞ்சாகவே இருக்கிறது என்று வந்தது. நானும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், நாலாவது தடவையாக. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன், ஏர் எடுக்கிற நிப்பிள் காலிபரின் கீழ்ப்பக்கம் இருந்தது. இடது காலிபரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே நிற்கும், கீழே திறந்தால் ஆயில்தானே வரும்? இடம் மாற்றிப் போட்டேன், பத்து நிமிஷத்தில் மிதி நின்றது.

வீட்டிலேயே ஏர் எடுப்பவர்களுக்கு: மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு, அழுக்கு படிந்திருக்கும், தரை வரை மிதித்தால் ரப்பர் கிழியும். ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். டப்பாவில் ஆயில் வற்ற விடாதீர்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி புத்தகத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளுக்கு ஸ்கேனர் இல்லாமல் முடியாது. இஞ்சின் ஆயிலை மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதி மொத்தமும் மாற்ற வேண்டி வரும்.

ஓடும்போதே மிதி இறங்கினால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைக்க வேண்டாம், பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். நின்ற பிறகு மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள், ஷெட்டு வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.