கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் 2 மில்லி பால்

ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஏழு மாதத்திலேயே சிசேரியன் ஆகிறது. குழந்தை 1.2 கிலோ, மூச்சு இழுக்கிறது. அப்பாவும் மாமாவும் ஆம்புலன்ஸில் குழந்தையோடு பெங்களூருக்குள் ஓடுகிறார்கள். அம்மா தையலோடு அங்கேயே. "பச்சை உடம்பு, தூங்கட்டும்" என்று பாட்டி விளக்கை அணைக்கிறார். என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நாங்கள் அடிக்கடி பார்க்கும் நஷ்டம் அந்த ராத்திரியில்தான் ஆரம்பிக்கிறது.

வென்டிலேட்டரை டாக்டர் பார்த்துக்கொள்வார், பணத்தைக் குடும்பம் புரட்டிவிடும். பால் மட்டும் அந்த அம்மாவிடமிருந்துதான் வரவேண்டும், அதற்கு நேரக் கணக்கும் உண்டு. குறைமாதக் குழந்தையின் குடல் பிஞ்சு. குடல் வெந்து அழுகிப்போகும் ‘நெக்’ என்ற நோய், பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. ஆகவே பிரசவமான முதல் மணி நேரத்தில், முடியாவிட்டால் 6 மணி நேரத்துக்குள், பால் பீச்சத் தொடங்கிவிட வேண்டும். குழந்தை பக்கத்தில் இல்லை என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

முதல் இரண்டு நாள் பம்பைவிடக் கைதான் நல்லது. சீம்பால் பிசின் மாதிரி கெட்டி, பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கை கழுவி, மார்பை மெதுவாக நீவிவிட்டு, காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிக் கட்டைவிரல் மேலும் ஆள்காட்டி விரல் கீழுமாக வைக்கவும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். விரல் தோலில் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வலித்தால் விரல் தப்பான இடத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு ஐந்து நிமிடம், மாற்றி மாற்றி, மொத்தம் 20–30 நிமிடம். ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சால் துளிகளைக் காம்பின் நுனியிலேயே உறிஞ்சிக்கொண்டால் ஒரு சொட்டும் வீணாகாது.

முதல் நாள் வருவது அரை மில்லியாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம். "பாலே இல்லை" என்ற பேச்சு இங்கேதான் கிளம்பும். கணக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் கொடுப்பது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10–20 மில்லிதான், 1.2 கிலோ குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 முதல் 2 மில்லி. குழந்தை பால் குடிக்க முடியாத நிலையில் இருந்தாலும், இரு கன்னத்தின் உள்பக்கமும் 0.1 மில்லி வீதம் சீம்பால் தடவுவார்கள். அந்தச் சிரிஞ்சு வீண்போகாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "குடிக்கிறதே ரெண்டு மில்லி, எதற்கு நாளைக்கு எட்டு தடவை பீச்சணும்?" முதல் இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி பீச்சுகிறோமோ, அதை வைத்துத்தான் உடம்பு பின்னால் எவ்வளவு சுரப்பது என்று முடிவு கட்டுகிறது. இதே குழந்தை முழுப் பாலுக்கு வரும்போது நாளைக்கு 180 மில்லி கேட்கும், எடை கூடக் கூட இன்னும் கேட்கும். இரண்டாம் வாரக் கடைசியில் நாளொன்றுக்கு 500 மில்லி எட்டுவதைக் குறியாக வையுங்கள். வயிறு உப்பி, பச்சையாகக் கக்கி, பாலை நிறுத்தி வைத்த நாளிலும் பீச்சுவதை நிறுத்தக் கூடாது. அது பாலின் குற்றமும் அல்ல. பூண்டு, பால்சுறா எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் மார்பு காலியாகாமல் எந்தப் பத்தியமும் பாலைக் கூட்டாது.

பால் கைமாறும் இடங்களில் கவனம். பாத்திரத்தில் அம்மா பெயர், ஆஸ்பத்திரி எண், தேதி, பீச்சிய நேரம் நான்கும் வேண்டும். வார்டில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் இருப்பது சகஜம். அறையில் வைத்தால் 4 மணி நேரம். பிரிட்ஜில் எத்தனை மணி நேரம் என்பதற்கு உங்கள் வார்டு சொல்வதே கணக்கு. பிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டின் பின்பக்கம் வையுங்கள். ஓசூரிலிருந்து வரும் வழியில் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நம்ப முடியாது. கழுவிய ஐஸ் பெட்டியில் ஐஸ் பேக் நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்குவது கூடவே கூடாது.

முதல் பயணத்திலேயே தாயி கார்டு (அம்மாவின் கர்ப்பகாலப் பரிசோதனை விவரங்கள் உள்ள அட்டை), அம்மா சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பெயர் ஒட்டிய அம்மாவின் ரத்த மாதிரி ஆகியவற்றையும் எடுத்துவந்தால் பாதி அலைச்சல் மிச்சம். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் பொருத்தம் பார்க்க அந்த மாதிரியைக் கேட்பார்கள்.

பால் போதாதபோது பால் வங்கி உண்டு. ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. பெங்களூரில் வாணி விலாஸ் அரசு மருத்துவமனையிலும் இருக்கிறது. வங்கிப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் தருவார்கள். நோய் எதிர்ப்புச் சத்தில் ஒரு பங்கு அதில் போய்விடும். ஆகவே பெற்றவள் பாலுக்குத்தான் முதல் இடம்.

அம்மா எழுந்து வரமுடிந்த அன்றே கங்காரு முறையை, அதாவது குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்வதை, கேளுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, வளையலும் சென்ட்டும் வேண்டாம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு உடனே பீச்சினால் அளவு கூடியிருப்பதை அம்மாவே பார்ப்பார். அப்பாவும் அணைக்கலாம்.

பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம் என்பதால் ராத்திரி 2 மணி வாக்கில் ஒருமுறை எழுந்து பீச்சியே ஆகவேண்டும். அலாரம் வைப்பது, கிண்ணத்தைக் கொதிநீரில் போடுவது, லேபிள் எழுதுவது மூன்றும் பாட்டியின் அல்லது அப்பாவின் வேலை. அம்மா பீச்சிக் கொடுத்துவிட்டு மறுபடி படுக்கட்டும்.