ரீ-இர்ரேடியேஷன்: தமிழில் மறுகதிரூட்டல்

முன்பு கதிர்ச்சிகிச்சை பெற்ற இடத்தில் புற்றுநோய் திரும்ப வரும்போது, அவ்விடத்துக்கு இரண்டாம் முறை கதிர் கொடுப்பதை மருத்துவர்கள் ‘ரீ-இர்ரேடியேஷன்’ என்பார்கள். இலத்தீனில் ‘ராடியஸ்’ என்பது சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கற்றைக்கும் அதுவே பெயராகி, ‘இர்ராடியாரே’ என்ற வினை ஒன்றன்மேல் ஒளி படச் செய்வதைக் குறித்தது. தமிழில் ‘கதிர்’ நெல்லுக்கும் ஞாயிற்றுக்கும் நூல் நூற்கும் கருவிக்கும் பொதுவான சொல்.

இதழ்களில் அடிக்கடி வரும் ‘கதிரியக்கச் சிகிச்சை’ பிழைபட்ட வழக்கு. கதிரியக்கம் என்பது அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர் உமிழ்வது. இன்று பெரும்பாலும் பயன்படும் நேரியல் முடுக்கி (லீனியர் ஆக்சிலரேட்டர்) என்ற கருவியோ மின்சாரத்தால் எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ‘கரண்டு வைக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வது, நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், உண்மைக்கு இதைவிட நெருக்கமானது. ‘கதிர்வீச்சு’ கருவியின் செயலைச் சொல்கிறது. உடல் எவ்வளவு ஏற்றது என்பதே இங்கு கணக்கு. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. ஆகவே மின்னூட்டம், நிறமூட்டல் போலக் ‘கதிரூட்டல்’ என்பதே பொருந்தும்.

‘ரீ’ என்ற முன்னொட்டிலும் கவனம் வேண்டும். ஐரோப்பியக் கதிர்ச்சிகிச்சை, புற்றுநோய் ஆய்வு அமைப்புகளான எஸ்ட்ரோவும் ஈஓஆர்டிசியும் 2022இல் வெளியிட்ட கருத்தொருமிப்பின்படி, முன்பு கதிர் பட்ட பரப்பின்மேல் புதியது படிந்தாலோ, படியாவிட்டாலும் இரண்டின் கூட்டளவு தீங்கு செய்யும் என்ற அச்சம் இருந்தாலோதான் அது ரீ-இர்ரேடியேஷன். மார்பில் சிகிச்சை பெற்றவருக்குப் பின்னாளில் முழங்கால் எலும்பில் கொடுப்பது ‘மீண்டும் கதிர்ச்சிகிச்சை’ மட்டுமே. முன்னதற்கு, மறுமணம், மறுபதிப்பு என்பவற்றின் வழியில் ‘மறுகதிரூட்டல்’ என்பேன். ‘மீள்’ என்பதில் நோயிலிருந்து மீளும் பொருளும் தொனிப்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

அந்த அச்சத்துக்குக் காரணம், திசு பழைய அளவை முழுவதும் மறப்பதில்லை என்பது. தண்டுவடத்துக்கு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம், மொத்தம் 45 முதல் 50 கிரே வரையே வழக்கமான வரம்பு. மாதங்கள் செல்லச் செல்லத் தண்டுவடம் ஓரளவு தேறுவதால்தான் இரண்டாம் முறைக்கு இடமுண்டாகிறது. எனவே மருத்துவர் முதலில் கேட்பது பழைய சிகிச்சைப் பதிவை. “முப்பத்தஞ்சு நாள் கரண்டு வெச்சாங்க” என்று தொண்டைப் புற்றுநோயாளி சொன்னால், அது 70 கிரேயாக இருக்கலாம் என்று அவர் ஊகிப்பார். ஆனால் அதில் எவ்வளவு தண்டுவடத்தில் பட்டது என்பது பழைய சி.டி. ஸ்கேன் படத்தின்மேல் வரைந்த திட்டத்தில்தான் இருக்கும்.